முகவாதமும் கண்ணாடிப் பயிற்சியும்

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை, எமது பாடசாலைத் தமிழாசிரியை ஒருவர் சேலைத் தலைப்பால் வாயை மறைத்தவண்ணம் என் அறைக்குள் வந்தார். இரவு நலமே உறங்கியவர். காலையில் வாய் கொப்பளித்தபோது நீர் இடக் கடைவாய் வழியே தானாக ஒழுகியதாம். முகத்தின் இடப்பாதி அசைவற்றிருந்தது. நெற்றி சுருங்கவில்லை, இமை மூடவில்லை. “ஐயா, பகரமும் மகரமும் வாயில் வருகுதில்லை” என்றார். இதழ் இரண்டும் பொருந்தவே அவ்வெழுத்துக்கள் பிறக்கும் என்ற தொல்காப்பியர் கருத்தைப் பல்லாண்டு கற்பித்தவர் அவர். கூதற்காற்றுப் பட்டதாக்கும் என்றெண்ணி, இரண்டு நாள் ஓய்வெடுத்து வருமாறு அவரை அனுப்பிவைத்தேன். அது பெரும் பிழை என்பதைப் பின்னரே அறிந்தேன்.

நேயர்களே, முகத்தசைகளை இயக்கும் நரம்பு, காதின் பின்னே எலும்பினுள் அமைந்த ஒடுங்கிய குழாய் வழியே வருகின்றது. நரம்பு அழற்சியுற்று வீங்கும்போது அக்குழாயினுள்ளே நெரிபடுகின்றது. செய்தி தடைப்படத் தசை தளர்கின்றது. உடலில் உறங்கிக் கிடந்த வைரசு விழித்தெழுவதே காரணமென மருத்துவர் பலர் ஐயுறுகின்றனர். எடின்பரோவிற் பிறந்த சேர் சார்ள்ஸ் பெல் 1821இல் இந்நரம்பைப் பற்றி எழுதினார். இந்நோய்க்கு அவர் பெயரே வழங்குகின்றது.

பாரிசவாதத்திலும் வாய் கோணும். ஆனால் நெற்றித்தசைக்கு மூளையின் இருபாதியிலிருந்தும் ஆணை வருவதால், அந்நோயில் நெற்றி பெரும்பாலும் சுருங்கும். இதனை நாமே சோதித்துத் தீர்ப்புக் கூறுவது தகாது. முகம் திடீரெனக் கோணினால் அக்கணமே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். பெல் பிறந்த ஸ்கொத்லாந்திலே 551 நோயாளரைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2007இல் வெளியாயிற்று. மூன்று நாளுக்குள் ‘பிறெட்னிசொலோன்’ என்னும் மருந்தைத் தொடங்கியோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 94 பேர் ஒன்பது மாதத்திற் குணமடைந்தனர். அதனைப் பெறாதோருள் ஏறத்தாழ 82 பேர். எமது ஆசிரியை வைத்தியரிடம் சென்றதோ ஐந்தாம் நாள்.

மூடாத கண் உலர்ந்து கருவிழியின் மேற்படலம் புண்படும். பகலிற் சொட்டுமருந்தும், இரவில் இமையை மூடி ஒட்டுதலும் அவசியம் என்று வைத்தியர் வற்புறுத்தினார்.

உறவினரோ பலூன் ஊது, சூயிங்கம் மெல்லு என்றனர். அவரும் நாள்தோறும் முகம் சிவக்க ஊதினார். இயன்மருத்துவர் முதலில் தடுத்தது இதனையே. சேதமுற்ற நரம்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரே வளரும். வளரும்போது வழிதவறுதலும் உண்டு. வாய்க்குச் செல்லவேண்டிய இழை இமையை அடைந்துவிட்டால், சிரிக்குந்தோறும் கண் மூடும். உமிழ்நீருக்குரிய இழை கண்ணீர்ச் சுரப்பியை அடைந்தால், உண்ணும்போது கண்ணீர் பெருகும். வலிந்து செய்யும் பயிற்சி இத்தவறான இணைப்பை வேரூன்றச் செய்யும் என்பதே இயன்மருத்துவரின் அச்சம். மின்தூண்டலாற் பயன் உண்டென்பதற்கும் போதிய சான்றில்லை.

ஆகவே தசை முற்றாகத் தளர்ந்திருக்கையில் விரல்நுனியால் மெல்ல நீவுதலே போதும். அசைவு தோன்றியபின் கண்ணாடி முன் அமர்ந்து, மிகச் சிறிய புன்னகை. இருபுறமும் ஒத்திருக்குமளவே செய்து, நலமுள்ள பாதியை அடக்கிக்கொள்ளல். கண் சுருங்கத் தொடங்கினால் உடனே நிறுத்தல். கண்ணாடி எதற்கென நானும் வினவினேன். கண்ணை மூடியிருந்தாலும் கை எங்குள்ளதென நாம் அறிவோம். அவ்வறிவைத் தரும் நுண்ணுறுப்புக்கள் முகத்தசைகளிற் பெரும்பாலும் இல்லை. எனவே கண்ணே முகத்துக்கு ஆசானாகின்றது. நாளிற் சில தடவை, சில நிமிடமே. வேகத்தையும் வலிமையையும் மெச்சிப் பழகிய எம்மனோர்க்கு இது எளிதன்று.

நான்காம் மாதத்தில் அவர் வகுப்பிற் செய்யுள் படிக்கக் கேட்டேன். பகர மகரங்கள் பிசகின்றி ஒலித்தன. இன்றும் விரைந்து நகைத்தால் இடக்கண் சிறிது சுருங்கும். அப்போது அவர் நகைப்பை நிறுத்தி, மெல்ல மீண்டும் தொடங்குவார்.