செய்தியை எங்கே நின்று வாசிக்கிறோம்? - டோரதி டே காட்டும் வழி



காலையில் செய்தித்தாளைப் பிரிக்கிறோம். ஓர் ஊரில் ஆலை மூடல், இன்னோர் ஊரில் வேலைநிறுத்தம், வேறோர் ஊரில் கூலி கேட்டுப் போராட்டம். "பாவம்" என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம். வேலைநிறுத்தத்தால் நாம் போகவேண்டிய பேருந்து வராமல் போனால்தான் அந்தச் செய்தி நமக்கு உறைக்கிறது. அப்போதும் நம் கோபம் போராடுகிறவர்கள்மேல்தான் பாய்கிறது, அவர்கள் ஏன் போராடுகிறார்கள் என்று நாம் கேட்பதில்லை.

நாட்டு நடப்பையும் உழைப்பவர் வாழ்வையும் ஒரு கிறிஸ்தவர் எப்படிப் பார்க்க வேண்டும்? இக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாக விட்டுச் சென்றவர் அமெரிக்க எழுத்தாளர் டோரதி டே. 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள், திருத்தந்தை பிரான்சிஸ் அமெரிக்க நாடாளுமன்றத்தில் உரையாற்றியபோது, அந்நாட்டின் நான்கு பெரியவர்களை எடுத்துக்காட்டாகக் கூறினார். அவர்களுள் ஒரே பெண் இவரே.

யார் இவர்?

டோரதி டே 1897-ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் புரூக்ளினில் பிறந்தார். தந்தை பத்திரிகையாளர். இளம் வயதிலேயே பொதுவுடைமைச் சார்புள்ள ஏடுகளில் எழுதத் தொடங்கினார். கடவுள் நம்பிக்கையின்றி வாழ்ந்தார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு 1917-ஆம் ஆண்டு வெள்ளை மாளிகைக்கு முன் நின்றதற்காகச் சிறை சென்றார். 1926-ஆம் ஆண்டு பிறந்த மகளுக்குத் திருமுழுக்கு கொடுத்தார். 1927-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் தாமும் கத்தோலிக்கத் திரு அவையில் சேர்ந்தார். சமய நம்பிக்கையற்ற துணைவரைப் பிரிவதே அதற்கு அவர் கொடுத்த விலை.

அதன்பின் சில ஆண்டுகள் அவர் சுதந்திர எழுத்தாளராக வாழ்ந்தார். அதாவது, எந்தப் பத்திரிகையிலும் மாதச் சம்பளம் இல்லை. கட்டுரை வெளிவந்தால் பணம், வராவிட்டால் இல்லை. விடுப்பும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. கையில் ஒரு குழந்தை, மாதம் பிறந்தால் வீட்டு வாடகை. பீடி சுற்றுகிற பெண்ணும், உருப்படிக் கணக்கில் துணி தைப்பவரும், இரவில் இருசக்கர வண்டியில் வீடு வீடாக உணவு கொண்டு சேர்க்கும் இளைஞரும் இன்று வாழ்கிற வாழ்க்கை அதுதான். உழைப்பவரைப் பற்றி டோரதி எழுதியதில் இரக்கத்தைவிட அனுபவமே மிகுதி.

அவர் நாட்டு நடப்பைப் பார்த்த விதத்தில் நாம் கற்றுக்கொள்ள மூன்று செய்திகள் உண்டு.

1. நேரில் சென்று பார்த்தார்

அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி ஏற்பட்ட காலம் அது. உழைப்பாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. 1932-ஆம் ஆண்டு டிசம்பரில் வேலையற்றோர் பலர் பட்டினிப் பேரணியாகத் தலைநகர் வாஷிங்டனுக்குச் சென்றனர். அதைப் பற்றிக் கட்டுரை எழுத டோரதியும் சென்றார். பேரணியை நடத்தியவர்கள் கம்யூனிஸ்டுகள். நடைபாதையில் நின்று பார்த்த அவருடைய உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது: இந்த ஏழைகளோடு கத்தோலிக்கர்கள் ஏன் இல்லை?

அதே பயணத்தில், டிசம்பர் 8-ஆம் நாள், அமல உற்பவ அன்னையின் பெருவிழாவன்று, அந்நகரிலுள்ள அன்னையின் தேசியத் திருத்தலத்திற்குச் சென்றார். தம் திறமையை உழைப்பாளருக்காகப் பயன்படுத்த ஒரு வழி திறக்க வேண்டும் என்று கண்ணீரோடு மன்றாடினார். நியூயார்க் திரும்பியபோது பீட்டர் மோரின் என்ற பிரெஞ்சு உழைப்பாளர் அவரைத் தேடி வந்திருந்தார். திரு அவையின் சமூகப் போதனையை விளக்கி ஒரு செய்தித்தாள் தொடங்கும்படி தூண்டியவர் அவரே.

1933-ஆம் ஆண்டு மே முதல் நாள் 'கத்தோலிக்க உழைப்பாளி' என்ற அந்த ஏடு வெளிவந்தது. அச்சிட்டது 2,500 படிகள். அச்சுச் செலவு 57 டாலர். வீட்டுக் கட்டணங்களைக் கட்டாமல் தள்ளிவைத்தும், கட்டுரைகளுக்கு வந்த பணத்தைக் கொண்டும், சில நன்கொடைகளைக் கொண்டும் அதைச் சமாளித்தார். படி ஒன்றின் விலை ஒரு சென்ட். யாரும் வாங்க முடியாமல் போகக்கூடாது என்பதே நோக்கம்.

2. கட்சியை அல்ல, நற்செய்தியை அளவுகோலாக வைத்தார்

திருத்தந்தை 13-ஆம் லியோ 1891-ஆம் ஆண்டு வெளியிட்ட சுற்றுமடல், உழைப்பாளருக்கு நியாயமான கூலியும் சங்கம் அமைக்கும் உரிமையும் உண்டு என்று கற்பித்தது. 1931-ஆம் ஆண்டு திருத்தந்தை 11-ஆம் பயஸ் அதை மீண்டும் வலியுறுத்தினார். 'இவை ஆலயத்தில் வாசித்து மூடிவைக்கும் ஏடுகள் அல்ல. இன்றைய செய்தியை நிறுத்துப் பார்க்கும் தராசு' என்றே டோரதி நடந்துகொண்டார்.

ஆகவே அவரை எந்தக் கட்சியாலும் முழுமையாகச் சொந்தம் கொண்டாட முடியவில்லை. முதலாளிகளுக்கு அவர் கம்யூனிஸ்டாகத் தெரிந்தார். கம்யூனிஸ்டுகளுக்கோ செபமாலை சொல்லும் பக்தையாகத் தெரிந்தார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபின், 1942-ஆம் ஆண்டு சனவரி இதழில், போரை ஆதரிக்க மாட்டோம் என்று எழுதினார். ஏடு வாசகர்கள் பலரை இழந்தது. வாசகர்கள் போனார்கள் என்பதற்காக அவர் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

அவருடைய விருந்தோம்பல் இல்லங்களில் பசித்தவர்கள் நாள்தோறும் வரிசையில் நின்று உணவு பெற்றனர். ஆனால் அன்னதானம் கூலிக்கு ஈடாகாது என்பதை அவர் மறக்கவே இல்லை. வேலை செய்தவருக்கு உரிய கூலியைப் பிடித்துவைத்துக்கொண்டு, பிறகு அவருக்கே கிறிஸ்துமசுக்குப் புடவை கொடுப்பது அன்பு அல்ல. நீதி செய்தபின் கொடுப்பதே அன்பு.

3. சொந்த வீட்டையும் விலக்கவில்லை

1949-ஆம் ஆண்டு நியூயார்க் உயர்மறைமாவட்டத்தின் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வாரம் ஆறு நாள், 48 மணி நேரம் உழைத்துவந்த அவர்கள், அதே கூலிக்கு ஐந்து நாள், 40 மணி நேர வேலை கேட்டனர். அவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். கர்தினால் ஸ்பெல்மன் இதைக் கம்யூனிஸ்டுகளின் தூண்டுதல் என்று கருதினார். குருமாணவர்களை அழைத்துச் சென்று குழி வெட்டச் செய்தார். அடக்கம் செய்யப்படாமல் பல உடல்கள் காத்திருந்தன.

டோரதியோ தொழிலாளர் பக்கம் நின்றார். கர்தினாலுக்கு ஒரு மடல் எழுதினார். அதில் வசைமொழி இல்லை. தந்தையாகிய நீங்கள் அவர்களிடம் செல்லுங்கள், விட்டுக்கொடுப்பது ஏழைகளைவிடப் பெரியவர்களுக்கு எளிது என்று மகளுக்குரிய உரிமையோடு வேண்டினார். வேலைநிறுத்தம் மார்ச் மாதத்தில் முடிந்தது. டோரதி திரு அவையை விட்டு விலகவும் இல்லை, கேட்டதைத் திரும்பப் பெறவும் இல்லை. தாயை நேசிப்பதால்தான் தாயிடம் நியாயம் கேட்கிறோம் என்பதை அவருடைய வாழ்வு உணர்த்துகிறது.

நம் சிந்தனைக்கு

1980-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் டோரதி இறந்தார். 2000-ஆம் ஆண்டு முதல் இறைஊழியர் என்று அழைக்கப்படுகிறார். அவரைப் புனிதராகப் பீடத்தில் வைக்கும் நாள் வரலாம். அதற்குமுன் அவர் கேட்ட கேள்வியை நம் பங்குக்குள் கொண்டுவருவது நல்லது.

விடியற்காலையில் எழுந்து மணி அடிக்கும் கோவில்பிள்ளைக்கு நாம் கொடுக்கும் சம்பளத்தில் அவருடைய பிள்ளை கல்லூரிக்குப் போக முடியுமா? பங்கு இல்லத்தில் சமைக்கும் அம்மாவுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டா? நம் பள்ளியைக் கூட்டிப் பெருக்குபவருக்கு வருங்கால வைப்புநிதி பிடிக்கப்படுகிறதா? குழி வெட்டுபவரிடம் துக்க வீட்டில் கூலிப் பேரம் பேசுகிறோமா? "கோவில் வேலைதானே, புண்ணியம்" என்று சொல்லிக் கூலியைக் குறைக்கிறோமா?

உண்டியலில் விழுவது குறைவு, எங்கிருந்து கொடுப்பது என்று கேட்பதும் நியாயமே. அதனால்தான் இது பங்குத்தந்தை ஒருவரின் பொறுப்பு மட்டுமல்ல. திருவிழாவின் வாணவேடிக்கைக்கும் ஒலிபெருக்கிக்கும் வரி போட்டுப் பணம் சேர்க்கும் நாம், கோவில்பிள்ளையின் சம்பளத்திற்காக ஒரு முறையாவது பங்குப் பேரவையைக் கூட்டியிருக்கிறோமா? கூலியாளின் கூலி மறுநாள் காலைவரை நம்மிடம் தங்கக்கூடாது என்பது மோசே வழியாக ஆண்டவர் தந்த சட்டம். அது ஆலயத்தின் வெளியே இருப்பவர்களுக்கு மட்டும் தரப்பட்டதல்ல.

அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது, சம்பளப் பத்தியில் சற்று நிறுத்துவோம். அந்தத் தொகையில் நம் குடும்பம் ஒரு மாதம் வாழுமா என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்போம். வாழாது என்றால், அங்கிருந்தே தொடங்குவோம்.