கடையில் கணக்குப் புலி... பரீட்சையில் மட்டும் ஏன் கோட்டை விடுகிறார்கள்? நோபல் தம்பதி ஆய்வில் ருசிகர தகவல்

திண்டுக்கல்:

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட், நிலக்கோட்டை பூ மார்க்கெட், தெருமுனை பெட்டிக்கடை... எங்கே போனாலும் பள்ளிக்கூடம் விட்டு வந்து அப்பா, அம்மாவுக்கு ஒத்தாசையாக நிற்கும் சிறுவர்களைப் பார்க்கலாம். "முக்கால் கிலோ தக்காளி, ஒன்றரை கிலோ வெங்காயம்" என்றால் போதும். பேப்பர், பேனா இல்லாமல் பட்டென்று தொகையைச் சொல்லி, மீதிச் சில்லறையையும் எண்ணிக் கொடுத்து விடுவார்கள்.

ஆனால் அதே பையன் கணக்கு பரீட்சையில் கோட்டை விட்டால், "கடையில பொளந்து கட்டுறே, நோட்டுல மட்டும் ஏன்டா வரமாட்டேங்குது?" என்று வீட்டில் திட்டு விழும். சிலருக்கு 'மக்கு' பட்டமும் கிடைக்கும்.

சந்தையில் நடந்த சோதனை

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. 2019-ம் ஆண்டு பொருளாதார நோபல் பரிசை மைக்கேல் கிரெமருடன் பகிர்ந்து கொண்ட அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுப்லோ தம்பதியும், ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியல் பேராசிரியை எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்டோரும்தான். கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை பார்க்கும் 1,436 சிறுவர், சிறுமிகளிடம் ஆய்வு நடத்தினார்கள். முடிவுகள் 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' அறிவியல் இதழில் வெளியாயின.

ஆய்வுக் குழுவினர் வாடிக்கையாளர் போலவே கடைக்குப் போனார்கள். கிலோ 20 ரூபாய் விலையில் 800 கிராம் உருளைக்கிழங்கு, கிலோ 15 ரூபாய் விலையில் 1.4 கிலோ வெங்காயம் என்று கேட்டு 200 ரூபாயை நீட்டினார்கள். மொத்தம் 37 ரூபாய், மீதி 163 ரூபாய். இப்படிப்பட்ட கணக்குகளை இரண்டாவது முயற்சிக்குள் 95 முதல் 98 சதவீதம் வரை சரியாகச் சொல்லி அசத்தினர்.

பிறகு அதே பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட பாணியில் கணக்கு கொடுத்தார்கள். மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுக்க 32 சதவீதம் பேரால்தான் முடிந்தது. பயமோ, மனப்பாடமோ இதற்குக் காரணம் இல்லை என்பதும் சோதனையில் தெரிந்தது.

பள்ளி மாணவர்களும் திணறல்

வியாபாரமே தெரியாத 471 பள்ளி மாணவர்களைச் சோதித்தபோது கதை தலைகீழ். நோட்டுக் கணக்கில் அவர்கள் முந்தினார்கள். ஆனால் சந்தைப் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போட்ட ஒரு கடைக் கணக்கை, இவர்களில் 1 சதவீதம் பேர்தான் போட்டார்கள்.

43-ஐ 11-ஆல் பெருக்க வேண்டுமா? 10 மடங்கு 430, கூட ஒரு 43, ஆக 473. சந்தைப் பிள்ளைகளின் மனக்கணக்கு இந்த ரகம். பள்ளிப் பிள்ளைகளோ சுற்றி வளைத்து எழுதி நேரத்தை விட்டனர்.

ஆக, இரண்டு தரப்புக்கும் மூளை இருக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக பாலம்தான் இல்லை. அந்தப் பாலத்தைப் பாடத்திட்டம் போட வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் முடிவு.

தமிழகத்தில் 2022-ல் தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டம் இதே வழியில் வைத்த ஓர் அடி. வாசிப்பு, கணக்கு இரண்டுக்கும் பிள்ளையின் நிலை பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, ஆடல், பாடல், செயல்பாடுகளோடு சொல்லிக் கொடுப்பது அதன் பாணி.

வீட்டில் என்ன செய்யலாம்?

பெற்றோர் படித்திருக்க வேண்டியதில்லை. கடையில் வாயால் சொன்ன கணக்கை, "இதை நோட்டுல எழுதிக் காட்டு" என்று கேளுங்கள். நோட்டில் 200 - 37 என்று இருந்தால், "200 ரூபாய் குடுத்தேன், 37 ரூபாய்க்கு சாமான் வாங்கினேன், மீதி எவ்வளவு?" என்று மாற்றிக் கேளுங்கள். இரண்டும் ஒரே கணக்குதான் என்று பிள்ளைக்குப் புரிய வேண்டும். பஸ் போர்டில் நத்தம், வத்தலக்குண்டு, பழனி என்று ஊர்ப் பெயரை வாசிக்கச் சொல்வதும் நல்ல பழக்கம்.

அதற்காகப் படிப்பை நிறுத்தி கடையில் உட்கார வைத்து விடாதீர்கள். 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். கடைக் கணக்கு மட்டும் பரீட்சையில் கை கொடுக்காது என்பதைத்தான் இந்த ஆய்வும் சொல்கிறது.