கரைமணலில் புதையும் நண்டுகள்

மாவடிப்பள்ளி வயல்வெளியிலிருந்து காரைதீவுக் கடற்கரை அதிக தூரமில்லை. இளம்பயிரில் நெல்லையும் நெல்லைப்போன்ற களையையும் பிரித்தறியும் உங்கள் கண்ணுக்கு அங்கும் வேலையுண்டு.

இந்துசமுத்திரத்து மணற்கரைகளில், அலை திரும்பும் ஈரமணலைத் துழாவினால் வழுவழுப்பான சிறு நண்டுகள் அகப்படும். எல்லாம் ஒரே இனமல்ல. முட்டை வடிவ உடல், கவ்வும் கால் இல்லை, இறகுபோன்ற நீண்ட உணர்கொம்பு என்றால் அது எமெரிற்றா. பின்வாங்கும் அலையில் அக்கொம்பை விரித்து நுண்ணுணவை வடித்துண்ணும். உடல் சற்றுத் தட்டை, கொம்பு குட்டை என்றால் ஹிப்பா. கரையொதுங்கிய செத்த பிராணிகளைத் தின்பது. முன்கால் மடக்குக்கத்தி போன்றிருந்தால் அல்பூனியா.

பருமனை நம்பி ஏமாறக்கூடாது. சென்னைக் கரையிலுள்ள எமெரிற்றா ஆசியாற்றிக்காவில் பெண் 3 சென்ரிமீற்றர் வரை வளரும். ஆணோ சில மில்லிமீற்றர்தான். நாமும் அதைக் குஞ்சென்றே எண்ணியிருந்தோம்! அந்த ஆணே வளர்ந்து பெண்ணாக மாறுகிறதென்று சென்னைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் சுப்பிரமோனியம் 1981இல் எழுதினார். ஆகவே சிறியவற்றை அள்ளினாலும் நாளைய தாய்களையே அள்ளுகிறோம்.

தூண்டில் இரைக்குத் தோண்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்: வயிற்றின்கீழ் செம்மஞ்சள் முட்டைக்கொத்து தெரிந்தால் ஈரமணலிலேயே விட்டுவிடட்டும். அடுத்த அலைக்குமுன் அது பின்பக்கமாகப் புதைந்துவிடும்.