வேகம் தெரியும், இடம் எங்கே?

மழைக்கு ஷட்டரையெல்லாம் இறக்கிவிட்ட பஸ். திருவண்ணாமலை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்பில் ஏறியவருக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. தெரிவதெல்லாம் டிரைவருக்கு முன்னால் இருக்கும் ஸ்பீடாமீட்டர் முள்தான் (அது வேலை செய்கிற பஸ் என்றே வைத்துக்கொள்வோம்). முதல் இரண்டு நிமிடம் முள் 30-ல் நிற்கிறது. அடுத்த மூன்று நிமிடம் 40. அப்புறம் மாடு குறுக்கே வந்து ஒரு நிமிடம் பஸ் அசையவில்லை. கையில் கடிகாரம் இருந்தால் போதும், கணக்குப் போட்டுவிடலாம்: 1 கி.மீ., 2 கி.மீ., பூஜ்யம், ஆக மொத்தம் 3 கி.மீ. ஆனால் பஸ் ஊருக்குள் போகிறதா, வேலூர் பக்கம் போகிறதா என்று முள் சொல்லாது. எங்கே ஏறினோம் என்பதையும் சொல்லாது. அவற்றை ஏறியவர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நிஜ பஸ்ஸில் முள் ஓரிடத்தில் நிற்காது. அதனால் நேரத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் வேகத்தை நேரத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். துண்டுகள் சிறுக்கச் சிறுக்க விடை துல்லியமாகும். வேகத்தை வரைபடமாகப் போட்டால் இந்தக் கூட்டுத்தொகை கோட்டுக்குக் கீழே அடங்கும் பரப்பாகத் தெரியும். தொகை நுண்கணிதம் செய்கிற வேலை இதுதான். பிளஸ் டூ மாணவர்கள் கடைசியில் எழுத மறந்து மார்க்கைக் கோட்டைவிடும் ‘கூட்டல் சி’ என்ற மாறிலி வேறொன்றுமில்லை, பஸ் ஏறிய ஸ்டாப்.

திசையை விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் திருவண்ணாமலைக்காரர்களிடம் சொந்த உதாரணமே இருக்கிறது. கிரிவலப் பாதை 14 கி.மீ. ராஜகோபுரத்தில் புறப்பட்டு மலையைச் சுற்றி அங்கேயே வந்து சேர்ந்தவரின் இடப்பெயர்ச்சி பூஜ்யம். நடந்த தூரம் 14 கி.மீ. என்பதற்குக் கால்வலி சாட்சி. திசையோடு சேர்ந்த வேகத்தைத் தொகையிட்டால் முதல் விடை. திசையைக் கழற்றிவிட்டுத் தொகையிட்டால் இரண்டாவது.

இந்தப் பரப்புக் கணக்கு நியூட்டனுக்கு மிகவும் மூத்தது. கி.மு. 350-க்கும் கி.மு. 50-க்கும் இடையே எழுதப்பட்ட பாபிலோனியக் களிமண் பலகைகள் சில லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அவற்றில் உள்ளது வியாழன் கோளின் இடத்தைக் காண்பதற்கான சரிவகக் கணக்கு என்று மாத்யூ ஒசென்டிரைவர் என்ற ஆய்வாளர் 2016-ல் காட்டினார். வானில் தென்பட்ட நாளில் வியாழன் நாளொன்றுக்கு 12 கலை (60 கலை ஒரு பாகை) நகர்கிறது. 60 நாள் கழித்து அது 9½ கலையாகக் குறைகிறது. இரண்டுக்கும் சராசரி எடுத்து 60-ஆல் பெருக்கினால் 645 கலை, அதாவது 10 பாகை 45 கலை. நியூட்டனும் லைப்னிட்ஸும் 17-ஆம் நூற்றாண்டில் சேர்த்தது, எப்படி வளைந்த கோட்டுக்கும் செல்லுபடியாகும் பொது விதியை.

அதே சரிவகத்தை நிலாவில் வைத்துப் பார்க்கலாம். 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3-இன் விக்ரம் கலம் தரையிறங்கிய விதத்தை இஸ்ரோ கட்டம் கட்டமாக வெளியிட்டிருந்தது. சந்திரயான்-3-இன் திட்ட இயக்குநர் பக்கத்து விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் என்பதால் நம் பக்கத்தில் அந்த எண்களைக் கூர்ந்து பார்த்தவர்கள் அதிகம். 7.42 கி.மீ. உயரத்தில் 10 விநாடிக் கட்டம் ஒன்று வருகிறது. அதில் கிடைமட்ட வேகம் விநாடிக்கு 358 மீட்டரிலிருந்து 336 ஆகிறது. சராசரி 347, பத்தால் பெருக்கினால் 3.47 கி.மீ. இஸ்ரோ சொன்ன தூரம் 3.48. செங்குத்து வேகம் 61-லிருந்து 59. கணக்குப்படி 600 மீட்டர் இறக்கம், இஸ்ரோ கணக்கில் உயரம் 6.8 கி.மீ. ஆகிறது, அதாவது 620 மீட்டர். பாபிலோன்காரர் பாஸ்.

அதற்கு முந்தைய 690 விநாடிக் கட்டத்தில்தான் அவர் சறுக்குகிறார். கிடைமட்ட வேகம் விநாடிக்கு 1,680 மீட்டரிலிருந்து 358-க்கு இறங்குகிறது. சரிவகம் தரும் தூரம் 703 கி.மீ.; இஸ்ரோவின் எண் 713.5. பத்து கி.மீ. உதைக்கிறது. வேகம் நேர்கோட்டில் குறைந்திருந்தால்தான் சரிவகம் சரி. எரிபொருள் எரிய எரியக் கலம் இலேசாகும், அதே உந்துவிசை பிற்பாடு அழுத்தமாக பிரேக் பிடிக்கும். அப்போது வேகக்கோடு நடுவில் மேலே புடைக்கும், பரப்பும் கூடும். இங்கே சராசரி போதாது, தொகையிட்டே ஆகவேண்டும்.

விக்ரமுக்கு இன்னொரு சங்கடம். நிலாவில் ஜி.பி.எஸ். கிடையாது, சக்கரம் தரையில் உருளாததால் ஸ்பீடாமீட்டரும் இல்லை. கலத்துக்குள் இருக்கும் கருவிகள் உணர்வது முடுக்கத்தையும் சுழற்சியையும்தான். (இத்தகைய கருவிகளுக்கென்றே திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் இஸ்ரோவின் தனிப் பிரிவு இயங்குகிறது.) முடுக்கத்தை ஒருமுறை தொகையிட்டால் வேகம், அதை மறுபடி தொகையிட்டால் இடம். பிழையும் கூடவே இரண்டு முறை தொகையிடப்படுகிறது. முடுக்கமானி ஒவ்வொரு விநாடியும் வேகத்தை விநாடிக்கு 1 மில்லிமீட்டர் கூட்டிச் சொல்கிறது என்று கொள்வோம். 690 விநாடி முடிவில் வேகத்தில் பிழை விநாடிக்கு 69 சென்டிமீட்டர். யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இடத்தில் பிழை 238 மீட்டர்.

2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2-இன் விக்ரம் நொறுங்கியதற்கு 2023-இல் இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் அந்த ஆண்டு சொன்ன காரணங்களிலும் இந்தப் பிழைச் சேர்மானம் இருக்கிறது. ஐந்து இன்ஜின்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக உந்தின, பிழைகள் குவிந்துகொண்டே போயின. இறங்க ஒதுக்கிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர். சந்திரயான்-3-க்கு அதை 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. என்று தாராளமாக்கினார்கள். நிறையப் பாராட்டு இன்ஜினுக்கும் மென்பொருளுக்கும் போனது. இந்த அகலமான மைதானத்துக்கும் கொஞ்சம் போயிருக்கலாம்.

7.42 கி.மீ. உயரத்தில் வந்த அந்தப் 10 விநாடிக் கட்டமும் சும்மா இல்லை. கலம் திரும்பி, கீழே நோக்கி, உயரமானிகளாலும் கேமராவாலும் தரையைப் பார்த்துக்கொள்வதற்கான நேரம் அது. கேமரா எடுக்கும் படத்தை ஏற்கனவே ஏற்றி வைத்த நிலாப் படங்களோடு ஒப்பிட்டால் கலம் இருக்கும் இடம் நேரடியாகவே கிடைத்துவிடும். அதுவரை சேர்ந்த பிழையைத் துடைத்துவிட்டு, புதிய ‘சி’யோடு கணக்கைத் தொடரலாம். சந்திரயான்-3-இல் புதிதாகச் சேர்த்த லேசர் டாப்ளர் வேகமானி இன்னொரு பக்கம் உதவியது. தரையில் லேசரைப் பாய்ச்சி மூன்று திசை வேகத்தையும் அது நேராகவே அளந்துவிடும். இரண்டு தொகையிடலில் ஒன்று மிச்சம். இவ்வளவுக்குப் பிறகும் மீதமிருக்கும் வேகத்தைத் தாங்க, விநாடிக்கு 2 மீட்டர் வரை தாங்கும் கால்களை 3 மீட்டர் வரை தாங்கும்படி பலப்படுத்தினார்கள். மாலை 6.04-க்கு அந்தக் கால்கள் தரையில் ஊன்றின.