அமெரிக்காவில் சரணடைந்த ஜெனரல், சேலம் - நாமக்கல்லை வாங்கியது எப்படி? உங்கள் பட்டா வரை நீளும் போர்க்கதை

1781 அக்டோபர் 19. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் யார்க்டவுன் என்ற சின்ன ஊர். ஜார்ஜ் வாஷிங்டனின் படையும் பிரெஞ்சுப் படையும் சுற்றி வளைத்ததில் பிரிட்டிஷ் படை ஆயுதத்தைக் கீழே போட்டது. தளபதி கார்ன்வாலிஸ் பிரபு அந்த நிகழ்ச்சிக்கே வரவில்லை. 'உடம்பு சரியில்லை' என்று சொல்லி, தனக்கு அடுத்த அதிகாரியை அனுப்பிவிட்டார். அமெரிக்கா பிரிட்டனின் கையை விட்டுப் போனது கிட்டத்தட்ட அன்றைக்கே உறுதியாகிவிட்டது.

பத்தரை வருஷம் கழித்து, 1792 மார்ச்சில், அதே கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டினம் கோட்டைக்கு வெளியே ஜெயித்தவராக நின்றார். திப்பு சுல்தான் எழுதிக் கொடுத்த நிலப் பட்டியலில் சேலம், நாமக்கல், சங்ககிரி, பாராமகால் எல்லாம் இருந்தன.

ஒரே ஆள், இரண்டு கண்டம், இரண்டு போர். தற்செயல் மாதிரி தெரியும். ஆனால், இந்த இரண்டு போர்களுக்கும் நடுவில் பல முடிச்சுகள் உண்டு. அதில் ஒன்று இன்றைக்கு உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் பட்டாவில் வந்து முடிகிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சேலம் சமவெளிக்கு ஏன் இவ்வளவு போட்டி?

பெங்களூரிலிருந்து சேலத்துக்கு பஸ்ஸில் வந்திருந்தால் தொப்பூர் கணவாய் தெரியும். மைசூர் மேட்டு நிலத்திலிருந்து ஒரு படை கீழே இறங்கி, காவிரிக் கரைக்கும் திருச்சிக்கும் போக வேண்டுமென்றால் இந்த மாதிரி சில கணவாய்கள்தான் வழி. மேலே ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி. கீழே சேலம், சங்ககிரி, நாமக்கல். கிழக்கே ஆத்தூர். எல்லாமே கோட்டை உள்ள ஊர்கள். இவை யார் கையில் இருக்கிறதோ, அவர்கள்தான் மைசூருக்கும் சென்னைக்கும் நடுவிலுள்ள கதவைத் திறக்கவும் மூடவும் முடியும்.

18-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் அந்தக் கதவு ஹைதர் அலியிடம் இருந்தது. முதலாம் மைசூர் போரில் (1767-69) கிழக்கிந்தியக் கம்பெனி சேலம், நாமக்கல் உட்பட பல ஊர்களைப் பிடித்தது. 1768 கடைசியில் ஹைதர் இறங்கி வந்து அவற்றை மளமளவென்று திரும்ப எடுத்தார். 1769-ல் அவருடைய குதிரைப்படை சென்னை வாசலுக்கே வந்துவிட, கம்பெனி சமாதானத்துக்கு ஒப்புக்கொண்டது.

பாஸ்டன் தேநீரில் ஹைதருக்கு என்ன வேலை?

இங்கேதான் முதல் முடிச்சு. ஹைதரின் தாக்குதல் செய்தி லண்டனுக்குப் போனதும் கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. அடுத்து 1770-ல் வங்காளப் பெரும் பஞ்சம். 1772-ல் ஐரோப்பாவில் கடன் நெருக்கடி. கம்பெனி திவாலாகும் நிலைமைக்கு வந்துவிட்டது. கிடங்குகளில் விற்காத சீனத் தேயிலை மட்டும் மலை மாதிரி கிடந்தது.

கம்பெனியைக் காப்பாற்ற பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1773-ல் தேயிலைச் சட்டம் கொண்டுவந்தது. அமெரிக்கக் காலனிகளில் கம்பெனி நேரடியாகத் தேயிலை விற்கலாம். விலை குறைவுதான். ஆனால், அதற்குள் பிரிட்டன் போட்ட வரி இருந்தது. 'எங்களுக்குப் பிரதிநிதியே இல்லாத நாடாளுமன்றம் எங்களுக்கு வரி போடுவதா?' என்று கொதித்த பாஸ்டன்காரர்கள், 1773 டிசம்பர் 16 இரவு 342 தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள். 1775-ல் போர் வெடித்தது.

அமெரிக்கப் புரட்சிக்கு ஹைதர்தான் காரணம் என்று சொல்ல முடியாது. காரணங்கள் ஏராளம். ஆனால், கம்பெனியின் பண நெருக்கடிக்குப் பின்னால் இருந்த பல விஷயங்களில் மைசூர் போரும் ஒன்று.

அமெரிக்கப் போர் இங்கே எப்படி வந்தது?

1778-ல் பிரான்ஸ் அமெரிக்கர்கள் பக்கம் சேர்ந்தது. உடனே இந்தியாவில் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த ஊர்கள் மேல் பிரிட்டிஷார் பாய்ந்தார்கள். 1778 அக்டோபரில் புதுச்சேரி விழுந்தது. 1779 மார்ச்சில் மலபார் கரையிலுள்ள மாஹே.

மாஹே வழியாகத்தான் ஹைதருக்குத் துப்பாக்கியும் மருந்தும் வந்துகொண்டிருந்தன. அந்த ஊர் தன் பாதுகாப்பில் இருப்பதாக அவர் சொல்லியும் கம்பெனி கேட்கவில்லை. ஏற்கெனவே அவருக்கு ஒரு பழைய கணக்கும் இருந்தது. ஒருவருக்கு ஆபத்து என்றால் மற்றவர் உதவ வேண்டும் என்பது 1769 ஒப்பந்தம். அடுத்த வருஷங்களில் மராத்தியர்கள் மைசூரைத் தாக்கியபோது கம்பெனி வேடிக்கை பார்த்தது.

1780-ல் ஹைதர் பெரும்படையோடு மலையிறங்கினார். செப்டம்பர் 10-ல் காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை நொறுங்கியது. இந்தச் செய்தி அமெரிக்காவரை போனது. 1782-ல் பென்சில்வேனியா மாகாணம் தன் போர்க்கப்பல் ஒன்றுக்கு 'ஹைதர் அலி' என்றே பெயர் வைத்திருந்தது. அந்த ஏப்ரலில் அது 'ஜெனரல் மங்க்' என்ற பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தது.

1782 டிசம்பரில் ஹைதர் இறந்தார். திப்பு போரைத் தொடர்ந்தார். அடுத்த வருஷம் கடலூரில் பிரெஞ்சுப் படையும் பிரிட்டிஷ் படையும் மோதிக்கொண்டிருந்தபோது, ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்று தகவல் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் போரை நிறுத்திவிட்டார்கள். அமெரிக்கப் போர் முடிந்ததால் திப்பு தனியாளாகிவிட்டார். 1784 மார்ச்சில் மங்களூர் ஒப்பந்தம். பிடித்ததை இரு பக்கமும் திருப்பிக் கொடுக்க, சேலம் மைசூரிடமே இருந்தது.

அப்புறம் ஏன் மறுபடியும் போர்?

1786-ல் கார்ன்வாலிஸ் கவர்னர் ஜெனரலாக வந்தார். நாடு பிடிக்கும் போர் கூடாது என்று 1784-ம் வருஷ இந்தியச் சட்டம் சொன்னது. நட்பு நாட்டைக் காப்பாற்றுவதற்கு அதில் தடையில்லை. 1789 டிசம்பர் கடைசியில் திருவிதாங்கூரின் எல்லை அரணைத் திப்பு தாக்கினார். திருவிதாங்கூர் கம்பெனியின் நட்பு நாடு. போருக்கான காரணம் கையில் வந்து விழுந்தது. நிஜாமும் மராத்தியர்களும் கம்பெனியோடு கைகோத்தார்கள்.

திப்பு யாரிடம் போவார்? 1787-ல் பிரான்ஸுக்குத் தூதர்களை அனுப்பியிருந்தார். பதினாறாம் லூயி அவர்களை மரியாதையாகப் பார்த்து வெறுங்கையோடு அனுப்பினார். அமெரிக்காவுக்கு உதவியதில் பிரான்ஸின் கஜானா காலி. 1789-ல் அங்கே புரட்சியே வந்துவிட்டது. அதன் பிறகும் திப்பு ஒருமுறை படை கேட்டார். 'இது அமெரிக்க விவகாரம் மாதிரியே இருக்கிறது' என்ற வருத்தத்தோடு லூயி மறுத்ததாக அவருடைய அமைச்சர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். அமெரிக்கா ஜெயிக்க உதவிய அதே செலவு, திப்பு தோற்கவும் ஒரு காரணமானது.

1790 நவம்பரில் தொப்பூர் கணவாய் அருகே ஜெனரல் மெடோஸின் படைக்கு டிமிக்கி கொடுத்துவிட்டுத் திப்பு தெற்கே திருச்சிப் பக்கம் பாய்ந்தார். அடுத்த வருஷம் கார்ன்வாலிஸே களத்தில் இறங்கினார். 1791 மார்ச்சில் பெங்களூர் விழுந்தது. 1792 பிப்ரவரியில் ஸ்ரீரங்கப்பட்டினம் முற்றுகையில்.

1792 ஒப்பந்தத்தில் என்ன இருந்தது?

* மைசூர் ராஜ்யத்தில் பாதி கை மாறியது. கம்பெனி, நிஜாம், மராத்தியர் மூவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.
* 3 கோடியே 30 லட்சம் ரூபாய் அபராதம்.
* பணம் முழுசாக வரும்வரை திப்புவின் இரண்டு சின்னப் பையன்கள் பிணை.
* கம்பெனியின் பங்கு: மலபார், திண்டுக்கல், பாராமகால், சேலம் - நாமக்கல் - சங்ககிரி பகுதி.

கோயம்புத்தூர் திப்புவிடமே இருந்தது. அதாவது, அடுத்த ஏழு வருஷம் காவிரி ஒரு நாட்டு எல்லை. இன்றைக்கு பாலத்தைத் தாண்டினால் ஐந்து நிமிஷத்தில் வரும் பள்ளிபாளையமும் ஈரோடும் அப்போது வேறு வேறு ராஜ்யம். 1799 மே மாதம் திப்பு போரில் இறந்த பிறகே அக்கரையும் கம்பெனிக்குப் போனது. அக்கரையில் கம்பெனியை எதிர்த்துக் கிளம்பிய தீரன் சின்னமலையை 1805-ல் தூக்கிலிட்ட இடம், இக்கரையில் கம்பெனி முன்பே பிடித்து வைத்திருந்த சங்ககிரிக் கோட்டை.

போர் முடிந்தது... பட்டா எங்கிருந்து வந்தது?

நிலம் கிடைத்துவிட்டது. வரி யாரிடம் வாங்குவது? வங்காளத்தில் கார்ன்வாலிஸ் 1793-ல் ஜமீன்தார்களை நடுவில் வைத்து நிரந்தர வரி முறையைக் கொண்டுவந்தார். சேலத்தில் அது சுலபமாக இல்லை. காரணம், பாளையக்காரர்களை ஒடுக்கி, அதிகாரிகள் மூலம் நேராக வரி வாங்கும் வழக்கத்தை மைசூர் ஆட்சி முன்பே வளர்த்திருந்தது.

இங்கே அனுப்பப்பட்டவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். உதவியாளர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. ஆமாம், சென்னை தீவுத்திடல் பக்கம் சேணமில்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். 1792 முதல் 1799 வரை ஏழு வருஷம் அவர் இங்கே வேலை பார்த்தார். ஊர் ஊராக வயலை அளந்து, மண் தரம் பார்த்து, ஒவ்வொரு வயலுக்கும் ஒரு தீர்வை எழுதினார்கள். முதலில் நிலைத்த குத்தகையாகக் கொடுக்க நினைத்த ரீட், 1796 வாக்கில் அதை மாற்றினார். விவசாயி வருஷா வருஷம் எந்த நிலத்தை வைத்துக்கொள்கிறாரோ அதற்கு மட்டும் வரி. வேண்டாத நிலத்தை விட்டுவிடலாம். இதுதான் ரயத்துவாரி முறையின் ஆரம்பம்.

நடுவில் ஒரு திருப்பம். 1802-க்குப் பிறகு மேலிடம் வங்காள முறையையே இங்கேயும் திணித்தது. கிராமங்களை 'மிட்டா' என்று பிரித்து ஏலம் விட்டார்கள். வரி கட்ட முடியாமல் பல மிட்டாதாரர்கள் திணற, மிட்டாக்கள் திரும்ப அரசிடமே வந்தன. குடும்பத்தின் பழைய பத்திரத்தில் 'மிட்டா' என்று பார்த்திருந்தால், அது அந்தக் காலத்தின் மிச்சம். 1820-ல் மன்றோ சென்னை கவர்னரானதும் ரயத்துவாரி மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் பரவியது. எஞ்சிய ஜமீன், மிட்டாக்கள் 1948-ம் வருஷ ஒழிப்புச் சட்டத்தில் முடிந்தன.

யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

நடுத்தரகர் இல்லாமல், தன் பேரில் நிலம் பதிவானது விவசாயிக்கு லாபம். ஆனால், வரியைப் பணமாகக் கட்ட வேண்டும். மழை வந்தாலும் வராவிட்டாலும் அதிகாரி வாசலில் நிற்பார். தீர்வை அதிகம் என்று மன்றோவே பின்னாளில் குறைக்கச் சொன்னார். 1855-ல் சென்னை மாகாணத்தில் ஒரு விசாரணைக் குழு, வரி வசூலுக்காக விவசாயிகளைச் சித்ரவதை செய்ததை உறுதிப்படுத்தியது. விரல்களை மரக்கட்டைக்கு நடுவில் வைத்து நெரிக்கும் 'கிட்டி'யும் அதில் உண்டு.

இன்னொன்று. பதிவேட்டில் யார் பேர் இருந்ததோ அவர்தான் 'ரயத்து'. அந்த வயலில் உழுத பண்ணையாட்களுக்கும் குத்தகைக்காரர்களுக்கும் பட்டா கிடையாது. தலித் குடும்பங்கள் நிலமில்லாமல் இருப்பதற்கு இந்த முறை மட்டுமே காரணமில்லை. ஆனால், இருந்த ஏற்றத்தாழ்வை அது காகிதத்தில் ஏற்றி உறுதியாக்கியது.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

தாலுகா ஆபீஸில் வருஷா வருஷம் ஜமாபந்தி நடக்கிறதே, அது அந்த வருடாந்தர வரிக் கணக்கு முடிப்பின் தொடர்ச்சிதான். ஜூலை 1-ல் தொடங்கும் பசலி ஆண்டும் அந்தக் கணக்குக்கானது. இந்த வார்த்தைகள் கம்பெனிக்கும் முந்தியவை. கம்பெனி அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டது.

இதில் நிலம் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு நேரடிப் பாடம் இருக்கிறது. பட்டா பிறந்ததே 'இந்த நிலத்துக்கு யார் வரி கட்டணும்?' என்ற கேள்விக்குப் பதிலாகத்தான். 'யார் சொந்தக்காரர்?' என்பது வேறு கேள்வி. அதனால்தான் பட்டா மட்டுமே உரிமைக்கு முடிவான ஆதாரம் இல்லை என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. சேலத்தில் மனை பார்க்கிறீர்களா? போனில் பட்டாவை டவுன்லோட் செய்ததோடு நிற்காமல், தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, புல வரைபடம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

'பிரதிநிதி இல்லாமல் வரி கிடையாது' என்று சொல்லி அமெரிக்கர்கள் பிரிட்டனை அனுப்பிவைத்தார்கள். தோற்றுப்போன ஜெனரல் இங்கே வந்து பிடித்த நிலத்தில், பிரதிநிதி என்ற பேச்சே இல்லாமல் வயல் வயலாக வரி எழுதப்பட்டது. அந்தக் கணக்குப் புத்தகத்தின் புதிய பக்கம்தான் இப்போது உங்கள் போனில் பி.டி.எஃப் ஆக இருக்கிறது.