செய்திப் படக்காரர் ஆக ஆசையா? ஒரிஜினல் ஃபைல்களைக் காப்பாற்றுங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கியதும் பலரும் முதலில் செய்வது, மொபைலிலும் கேமராவிலும் உள்ள படங்களை அதில் ஏற்றுவதுதான். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் உள்ளவர்களின் படங்களில் வறண்ட கண்மாய், சீமைக் கருவேலங்காடு, கரிமூட்டம் எல்லாம் இருக்கும். அக்கறையோடு எடுத்தால் இவையே ஒரு தொழிலுக்கு அடித்தளம்.

மதுரையைச் சேர்ந்த எம். பழனி குமார் இதற்கு நல்ல உதாரணம். 2017ல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர் இவர். மீன் விற்ற தன் தாயின் உழைப்பையும் படக்கதையாக்கினார். பி. சாய்நாத் 2014ல் தொடங்கிய 'பாரி' இணைய இதழின் புகைப்படக் கலைஞர் ஆனார். 2022ல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருதைப் பெற்ற முதல் நபர் இவர்தான்.

யார், எங்கே, எப்போது, என்ன வேலை என்ற விவரம் இல்லாத படம் செய்தி ஆகாது. இதற்கு உங்கள் கம்ப்யூட்டர் உதவும்.

1. ஒவ்வொரு நாளுக்கும் தனி ஃபோல்டர் உருவாக்குங்கள். '2025-03-14 கரிமூட்டம் திருச்சுழி' என்பதுபோல் தேதி முன்னால் வருமாறு பெயர் கொடுங்கள். ஃபோல்டர்கள் தானாக வரிசையில் நிற்கும்.

2. ஒரிஜினல் படத்தில் கை வைக்காதீர்கள். காப்பி எடுத்து அதில் திருத்துங்கள். வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில் இறுதிச் சுற்றுகளை எட்டும் படங்களுக்கு ஒரிஜினல் ஃபைலைக் கேட்கிறார்கள். அது இல்லையென்றால் படம் உண்மை என்று நிரூபிக்க முடியாது.

3. விண்டோஸில் ஜேபெக் காப்பியை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ் செல்லுங்கள். படம் எடுத்த தேதி அங்கே இருக்கும். டைட்டில், ஆதர்ஸ், காப்பிரைட் இடங்களில் விவரத்தையும் உங்கள் பெயரையும் டைப் செய்யுங்கள்.

4. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். இந்த விவரங்களும் போய்விடும். டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்.

5. ஹார்ட் டிஸ்க் ஒருநாள் கெட்டுப்போகலாம். எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒரு காப்பியும் ஆன்லைனில் ஒரு காப்பியும் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மொபைல் படத்துக்குள் ஜிபிஎஸ் இருப்பிடமும் பதிவாகியிருக்கலாம். கூலி பற்றி மனம்விட்டுப் பேசிய தொழிலாளியின் வீட்டை அது காட்டிக்கொடுத்துவிடும். வெளியிடும் காப்பியில் அதை நீக்குங்கள். படம் எடுக்கும் முன் அவரிடம் அனுமதி கேளுங்கள். எங்கே வெளியாகும் என்றும் சொல்லுங்கள்.

இந்த மாதம் உங்கள் ஊரில் ஒரே ஒரு தொழிலைத் தேர்ந்தெடுங்கள். நான்கைந்து முறை சென்று 10 படங்களைத் தேறவையுங்கள். ஒவ்வொன்றுக்கும் 2 வரி எழுதுங்கள். வேலை கேட்டுப் போகும்போது கையில் காட்ட வேண்டியது இதுதான்.