கப்பலிலிருந்து கடற்பறவைகளை எண்ணுதல்

திருவனந்தபுரம் வலியசாலையிலிருந்து சங்குமுகம் கடற்கரை சில கிலோமீட்டர் தொலைவே. ஆயினும் மழைக்காலத்தில் அக்கரைக்கு அப்பால் திரியும் வில்சன் பெட்ரல் என்னும் பறவையை நகரத்தார் காண்பது அரிது. சிட்டுக்குருவியினும் சற்றே பெரிதான இக்கரும்பறவை அண்டார்க்டிகாவிலும் அதனை அடுத்த தீவுகளிலும் குஞ்சு பொரித்து, தென்கோளத்தில் குளிர்காலம் நிலவும் மாதங்களில் அரபிக்கடலுக்கு வருகின்றது. கால்களால் நீர்ப்பரப்பைத் தட்டியவாறே பறந்து சிற்றுயிர்களைக் கொத்தித் தின்னும். இனப்பெருக்கக் காலம் ஒழிய நிலத்தை நாடாத இத்தகைய பறவைகளைக் கணக்கிட ஆய்வுக் கப்பலே பெரிதும் உதவுகின்றது.

1959 முதல் 1965 வரை நடைபெற்ற அனைத்துலக இந்துமாக்கடல் ஆய்வில் கலந்துகொண்ட 'டிஸ்கவரி' என்ற பிரிட்டிஷ் கப்பலில் ஆர். எஸ். பெய்லி கடற்பறவைகளைக் கவனித்து வந்தார். மேற்கு இந்துமாக்கடலில் அவை பரவியிருக்கும் முறைபற்றிய அவரது கட்டுரை 1968-இல் வெளிவந்தது. தென்மேற்குப் பருவக்காற்றின்போது கேரளக் கரையோரத்தில் குளிர்ந்த அடிநீர் மேலெழுகின்றது. அதிலுள்ள உப்புச் சத்துக்களால் மிதவையுயிர்கள் பெருக, அவற்றைத் தொடர்ந்து மீனும் பறவையும் கூடுகின்றன.

எண்ணும் முறை எளியது. கப்பலின் ஒரு பக்கத்தில் 300 மீட்டர் அகலமுள்ள பட்டையை மட்டும் நோக்கி, பத்து நிமிடத்திற்கு ஒரு பதிவு எழுதுதல் வேண்டும். மணிக்கு 10 கடல்மைல் விரைவில் செல்லும் கப்பல் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ 3.1 கிலோமீட்டர் கடக்கும். ஆகவே நோக்கிய பரப்பு 0.93 சதுர கிலோமீட்டர். நீரில் அமர்ந்துள்ள பறவைகளைத் தொடர்ந்து எண்ணலாம். பறப்பனவற்றை அவ்வாறு எண்ணுதல் கூடாது. அவை கப்பலைவிட விரைந்து பட்டையினுள் புகுந்து வெளியேறுவதால் தொகை பொய்யாகப் பெருகும். நிமிடத்திற்கு ஒருமுறை, அக்கணத்தில் முன்னுள்ள 300 மீட்டருக்குள் பறப்பவற்றை மட்டுமே குறித்தல் வேண்டும். கப்பலைப் பின்தொடரும் பறவைகளைத் தனியே எழுதுக.

புதியவர் பெரும்பாலும் தவறுவது வேறிடத்தில். பறவையே தென்படாத பத்து நிமிடத்தை எழுதுவதில் என்ன பயன் என்று எண்ணிவிடுகின்றனர். பத்துப் பதிவுகளுள் இரண்டில் மட்டும் மொத்தம் 20 பறவைகள் காணப்பட்டதாகக் கொள்வோம். எல்லாப் பதிவுகளையும் சேர்த்தால் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2 பறவைகள். வெறும் பதிவுகளை விட்டுவிட்டால் ஏறத்தாழ 11! ஒரே கடல், ஐந்து மடங்கு வேறுபாடு. வகுப்பில் மாணவரைக் கொண்டே இக்கணக்கைச் செய்வித்தல் நன்று.

இதனால் விளையும் கேடு சிறிதன்று. 2025 மே 25 அன்று 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்னும் சரக்குக் கப்பல் கொச்சிக்கு அப்பால் மூழ்கியது; அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் திருவனந்தபுரக் கரைகளிலும் ஒதுங்கின. பெட்ரல்கள் வரும் பருவமும் அதுவே. இத்தகைய விபத்தால் பறவைகள் குறைந்தனவா என்று கூற, முந்தைய ஆண்டுகளின் எண்ணிக்கை, வெறும் பதிவுகள் உட்பட, கையில் இருத்தல் வேண்டும்.